நந்தாவிளக்கறமும் ஊரவர் காப்பும்

சோழமன்னர் காலத்துச் சிவாலயச் சுவர்களிலே பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களை ஊன்றிப் படிப்பார்க்கு ஓருண்மை எளிதிற் புலனாகும். அரசர் இறையிலியாக விட்ட ஊர்களும், அரசியர் சாத்திய பொன்னணிகளும் உலகறியப் பேசப்படுகின்றன. ஆயின், எண்ணிக்கையான் மிக்கு நிற்பன அவையல்ல. இன்னவூர் இன்னார் வைத்த நந்தாவிளக்கு ஒன்று என்னும் அளவிற் செய்தி முடிந்துவிடும் சிறு கொடைகளே மிகப் பல. பெரும்பொருள் இல்லாதார் வைத்த இவ்வறங்கள், வைத்தவர் மறைந்து பல்லாண்டு சென்ற பின்னரும் நின்று நிலவியதற்கு ஏது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விளக்குத் திருத்தொண்டின் ஏற்றத்தைத் திருத்தொண்டர் புராணம் படித்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. செல்வம் தேய்ந்தபின் கணம்புல் அரிந்து விற்று நெய் கொண்டு விளக்கேற்றிய நாயனார், அப்புல் விலைபோகாத நாளில் அதனையே விளக்காக எரித்து, அதுவும் போதாதாகத் தந்திருமுடியையே மூட்டினார். திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ எண்ணெய்க்குப் பொருளின்றித் தங்குருதியை வார்க்கத் துணிந்தார். அன்பின் எல்லை இதுவே, இதற்கு மேலொன்றில்லை. எனினும், ஓரடியாரது கைப்பொருள் அழிந்தவழி விளக்கும் அவியும் நிலை அங்கே இருந்தமையும் நோக்கற்பாலது. நாயன்மாரல்லாத எளிய மக்கள், தாம் இறந்தபின்னும் தம் விளக்கு எரிதற்கு வேறோர் ஏற்பாடு வேண்டியவராயினர்.

அவ்வேற்பாடு இது. ஒரு நந்தாவிளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்படும். அவை கோயிற் பண்டாரத்திற் கட்டப்படுவன அல்ல. மன்றாடிகள் எனப்படும் ஊர் இடையர் கையில் ஒப்பிக்கப்படும். அவர்கள் அவற்றை மேய்த்துப் பெருக்கி, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். நாழியிற் காற்பங்கு உழக்காதலின், 360 நாளைக்கு 90 நாழி நெய்யாகும். தஞ்சை இராசராசேச்சரத்தில் விளக்கொன்றுக்கு 96 ஆடாவது, 48 பசுவாவது, 16 எருமையாவது கொடுக்கப்பெற்றமையின், 2 ஆட்டிற்கு ஒரு பசுவும், 6 ஆட்டிற்கு ஓரெருமையும் நிகராக மதிக்கப்பட்டன என்க. ஆட்டுப்பாலின் நெய்யே எரிக்கப்பட்டதோ எனச் சிலர் ஐயுறுவர். ஆடு முதலும் நெய் அதன் பயனுமாம் எனக் கொள்ளின் ஐயம் அகலும்.

இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் எனக் கல்வெட்டுக்கள் கூறும். ஆடு சாகாதோ, மூவாதோ எனின், சாம், மூக்கும். ஈன்ற குட்டி இறந்ததன் இடத்தில் நிற்றலால் தொகை மட்டும் குறையாது. முதல் அழியாமற் பயனைமட்டும் நுகர்தல் என்னும் நெறியை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. உழக்கு நெய் போக எஞ்சிய ஊதியம் இடையனுக்கே உரியதாயிற்று. ஆகவே, கோயிலுக்கு ஒளியாக வந்த கொடை ஆயர் குடிக்கு வாழ்முதலாகவும் நின்றது. அவன் தவறுவானேல் ஈடு செய்தற்கு அவன் உறவினரும் உடன் மன்றாடிகளும் பிணை நின்றனர்.

கொடுத்தவர் யாவர்? வணிகர், படைவீரர், தளிச்சேரிப் பெண்டிர், அரண்மனை வேளத்துப் பணிப்பெண்கள் முதலாயினோர் பெயர்கள் கல்வெட்டுக்களில் உள்ளன. முழுவிளக்கிற்கு ஆற்றாதார் அரைவிளக்கு வைத்தனர். அதற்கும் ஆற்றாதார் சந்திவிளக்கு வைத்தனர். இவற்றுள் நெஞ்சை உருக்குவன ஒருவகை. வேட்டையிற் குறிதவறி எய்த அம்பினால் மற்றொருவன் உயிரிழப்ப, நாட்டார் கூடி ஆராய்ந்து, அறியாது நேர்ந்ததாகலின் கொன்றவனைக் கொல்லுதல் தகாது, இறந்தவன் பொருட்டுத் திருவிளக்கு வைப்பானாக எனத் தீர்ப்பளித்த செய்திகள் சில உள. ஒருயிர் பிழைத்ததும், இரு குடிகளின் பகை தணிந்ததும் அவ்வாட்டு மந்தையால் ஆயின.

ஆட்டுக்கு மாறாகக் காசு வைத்தாரும் உளர். தஞ்சையில், திருமஞ்சன நீரில் இடும் ஏலவரிசிக்கும் செண்பக மொட்டிற்கும் எனத் தனித்தனியே காசு வைக்கப்பட்டது. முழுப்பூசையையும் ஏற்க மாட்டாதார் அதன் ஓருறுப்பையேனும் தமதாக்கிக்கொள்ளும் வழி இது. அக்காசு ஊர்ச்சபையார் முதலியோரிடம் கொடுக்கப்பட்டுக் காசு ஒன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்காற் காசு பொலிசையாகப் பெறப்பட்டது. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது. வைத்த முதல் ஊரிலேயே புழங்க, பயன் கோயிலுக்கு வந்தது.

இவையெல்லாம் ஒருகாலத்தும் தவறா என்று கருதுதல் பொருந்தாது. ஊரவர் சோர்ந்தால் இவ்வறம் எவ்வாறு மெலியும் என்பதைத் திருவல்லத்துக் கல்வெட்டொன்று ஒளியாது உரைக்கின்றது. முதல் இராசராச சோழரின் 7-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 991-இல், மதுராந்தகன் கண்டராதித்தர் அங்கே சென்று பெருமானுக்கு ஆயிரங்குடம் நீராட்டுவித்தார். அவ்வமயம் அவர் கண்டது யாது? திருவமுதரிசி இருநாழியாகக் குறைந்திருந்தது. கறியமுது இல்லை, நெய்யமுது இல்லை, தயிரமுது இல்லை. நந்தாவிளக்குகளும் முட்டியிருந்தன. ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய பதியில் இந்நிலை! அவர் சினந்து ஒறுத்ததாகக் கல்வெட்டிற் காணோம். கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ப் பெருமக்களையும் அழைத்து, இறைவனுக்குரிய வரவும் செலவும் ஆவணப்படி யாவை எனக் கேட்டார். அறம் முட்டிய இடத்தில் முதற்கண் கேட்கவேண்டுவது கணக்கே என்பதை அவர் அறிந்திருந்தார்.

கணக்கின் இன்றியமையாமையை உத்தரமேரூர்ச் சபையார் அவர்க்கு எழுபதாண்டு முன்னரே உணர்ந்திருந்தனர். முதற் பராந்தகர் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளிற் செய்த குடவோலை ஏற்பாட்டில், வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியம் பெறலாகாது என்பதனோடு அமையாது, அவன் நெருங்கிய உறவினரும் பெறலாகாது என வரைந்தனர். பிறன் குற்றத்திற்கு உறவினரை விலக்குதல் கடிதே எனினும், பொதுப்பொருளை உண்டவன் தன் மைத்துனனை முன்னிறுத்தி மறுபடியும் உண்ணும் வழியை அடைத்தற்கு அதுவே தக்கதென அவர் கருதினர் போலும். வாரியமும் 360 நாளுக்கே.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இவ்வறம் பன்மாகேசுவரர் காப்பு எனக் கல்வெட்டின் இறுதியில் எழுதப்பட்டது. காவலை அரசன் ஒருவன்பால் வையாது சிவனடியார் அனைவர்பாலும் வைத்த இச்சொல்லை வெறும் மரபுரை என்று ஒதுக்குதல் பிழையாம். சோழர் போயினர், சபைகளும் போயின, அவ்வெழுத்தேனும் எஞ்சியது. அதுவும் அண்மைக்காலத் திருப்பணிகள் சிலவற்றில் மணல்வீச்சுக் கருவியாற் சுவரைத் துலக்கப் புகுந்தமையால் தேய்ந்தொழிந்தது. விளக்கு அவிந்தமையினும் இஃது இரங்கத்தக்கது. வைத்தார் பெயரையும் அவிக்கின்றதன்றோ?

கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக எடுப்பித்தவர். காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவில் அவர் திருப்பணி செய்தபொழுது, பழங்கற்களில் இருந்த ஆவணங்களை அகற்றிவிடச் சொல்லினாரல்லர். பல்லவர் காலந்தொட்டு அங்கே பிறர் வைத்திருந்த அறங்களையெல்லாம் படியெடுப்பித்துப் புதிய சுவரிலே மீள வெட்டுவித்தார். பழங்கல்லின் படி இது என்னும் குறிப்போடு, தம் பெருங்கொடைக்கு அருகிலேயே அவற்றுக்கு இடமளித்திருக்கின்றார்.