கட்டடம் இருக்கு, ராத்திரி நர்ஸ் இருக்காங்களா?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் ஒன்று நாமக்கல். பதினொன்றுக்கும் சேர்த்து செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். பெரிய விஷயம்தான். ஆனா எனக்கு ஓடின கேள்வி வேற. சேந்தமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல லைட் எரியுமா? எரியும்னா, அது எந்த வருஷத்துல இருந்து, யார் காசு போட்டதால? இதைத் தேடப்போனா கதை நூறு வருஷம் பின்னால போகுது.

1924இல், பனகல் அரசர் அமைச்சரவை காலத்தில், சென்னை மாகாண அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்தில் போய்த் தங்கும் தனியார் டாக்டருக்கு அரசு வருஷாவருஷம் மானியம் தரும். அவர் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கணும், மற்றவர்களிடம் ஃபீஸ் வாங்கிக்கலாம். நம்ம ஊர்க்காரர், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 டிசம்பரில் மாகாண முதல்வர் ஆனபோதும் இது நடப்பில் இருந்தது. (இவர் மகன் மோகன் குமாரமங்கலம் பெயரில்தான் இன்னைக்கு சேலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஊர்ல யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்லை, ஜி.ஹெச்.தான்.)

யோசனை மோசமில்லை. ஆனா சேலம் டவுன்ல கிடைக்கிற வரும்படிக்கு மானியம் ஈடாகுமா? 1946இல் வந்த போர் கமிட்டி அறிக்கை, கிராம மருத்துவத்தை அரசுச் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்கள்தான் செய்யணும் என்று சொன்னது. அந்தக் கமிட்டியில் நம்ம ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் இருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாடு. 1952க்குப் பிறகு சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து ஊர் ஊரா வந்தது.

சேலத்துக்கு அடுத்த பெரிய மாற்றம் 1980களின் தொடக்கத்தில். டென்மார்க் அரசின் டானிடா உதவித் திட்டத்துக்கு முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட ரெண்டு மாவட்டங்கள் சேலமும் தென்னாற்காடும். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான், அதனால இதுல அதுவும் அடக்கம். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். நடந்து போற தூரத்தில் ஒரு நர்ஸம்மா. மெட்ராஸ்காரங்களுக்கு இதன் மதிப்பு புரியாது. தறி ஓட்டுற வீட்டுல ஒரு நாள் டவுனுக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு.

அந்த நர்ஸம்மா வீடு வீடாகப் போய் எழுதின கர்ப்பிணிப் பதிவேட்டுக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பயனும் வந்தது. சேலம், தருமபுரி பக்கம் நடந்த பெண் சிசுக்கொலை பற்றி எல்லாரும் பேசினார்கள், கணக்கு யாரிடமும் இல்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் ஆரம்பமானது. பிறகு ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் எண்ணிக்கையை மதிப்பிட எடுத்தது ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைத்தான்.

கட்டடம் வந்தாச்சு. மருந்து? பழைய முறையில் மேலிருந்து என்ன வருதோ அதுதான். வேண்டாதது குவியும், வேண்டியது தீர்ந்துபோகும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, 1995 தொடக்கத்தில் விநியோகத்தை ஆரம்பித்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதில் வரவு இருக்கும், மாவட்டக் குடோனில் எடுக்க எடுக்கக் கழியும். எது வேணும்னு முடிவு பண்றது அந்த ஊர் டாக்டர். கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வகத்துக்கு யாரோட மருந்துன்னே தெரியாது. கம்ப்யூட்டர் அரசு அலுவலகத்தில் அபூர்வமா இருந்த காலத்திலேயே குடோன் இருப்பைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். பிற்பாடு கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இதே மாதிரி கழகங்களை அமைத்தன.

டாக்டர் கிராமத்துக்கு வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு, அது மேற்படிப்பு சீட். அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50% இடம், கிராமச் சேவைக்குக் கூடுதல் மதிப்பு. 1924இன் மானியம் செய்யாததை இந்த சீட் செய்தது. நடுவில் நீதிமன்றச் சிக்கலில் மாட்டி, 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது.

இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு வருவோம். டாக்டர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்க முடியாது. 2000களில் தமிழ்நாடு கண்ட வழி எளிமையானது: ஒரு நிலையத்துக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ், மூணு ஷிஃப்ட். அதோட பிரசவ அறைக்குள் கூட ஒரு சொந்தக்காரப் பெண் இருக்கலாம் என்ற அனுமதி 2004இல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தினார்கள், ஒரு தடவை இடத்தைப் பார்த்துட்டா பயம் போகும்னு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2004-06இல் 111. 2018-20இல் 54. ஏதோ ஒண்ணாலதான் குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா ராத்திரி ஷிஃப்ட் இல்லாம மத்ததெல்லாம் பகல்ல மட்டும் வேலை செய்யும்.

எங்க தொழில்ல புதுசா ஒண்ணு செய்யணும்னா கையெழுத்துப் போட எல்லாரும் வருவாங்க. மெயின்டெனன்ஸ்னு சொன்னா மீட்டிங் ரூம் காலி. அரசாங்கத்திலும் அப்படித்தான். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, ராத்திரி ஷிஃப்டுக்கு ஏது?

அந்த ஷிஃப்டைத் தாங்கினவங்க பல பேர் தொகுப்பூதியத்தில் இருந்தார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் ஜெயிச்சு 2015இல் வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த வருஷம் 14,000 ஆனது. கொரோனா காலத்தில் எடுத்த நர்ஸ்கள் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. நாமக்கல் கல்லூரி திறந்து அப்போ ஒரு வருஷம்கூட ஆகலை.