மாற்றுப் பார்த்த விண்மீன்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசனால் வணிக மையமாக வளர்க்கப்பட்டது. தமிழும் மலையாளமும் ஒரே கடையில் பேரம் பேசும் அத்தெருவில் பொன் வணிகம் இன்றும் பெரிது. மின்கருவிகள் வருமுன் பொன்னின் மாற்றை அறிந்த முறை எளியது. ஐயத்துக்குரிய பொன்னை உரைகல்லில் ஒரு கீற்றாக இழுப்பர். அதனருகே மாற்றுத் தெரிந்த பொன்னை இன்னொரு கீற்றாக இழுப்பர். இரண்டையும் கண் ஒப்பிடும். தனித்த ஒரு கீற்றைக் கொண்டு எந்தப் பொற்கொல்லரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலார் விண்மீனின் ஒளியை மதிப்பிட்டதும் ஏறத்தாழ இவ்வாறே.

அந்நிலையை எய்த நெடுங்காலம் ஆயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் 'அல்மகெஸ்ட்' நூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை ஆறு தரங்களில் அடக்கினார். மிக ஒளிர்வன முதல் தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன ஆறாம் தரம். அத்தரத்துக்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல் 'மெகெதோஸ்'; அதன் பொருள் உருவளவு. சூரிய சித்தாந்தமோ நாண்மீன் கூட்டங்களின் அடையாள மீனாகிய யோகதாரையைச் சில கூட்டங்களுக்குத் திசையால் சுட்டுகிறது. எஞ்சியவற்றுக்கு 'ஸ்தூல'மானதே யோகதாரை என்கிறது. ஸ்தூலம் என்பதும் பருமையே. தமிழிலும் 'மேக்னிட்யூட்' என்பதைப் 'பருமன்' என எழுதுவோர் உண்டு. மூன்று மொழிகளும் ஒளியை உருவாகக் கொண்டுவிட்டன. இதனைப் பிழை என்று எள்ளுவதற்கில்லை. ஒளி மிக்க புள்ளி கண்ணில் பரந்து பெரிதாகவே தெரிகிறது. ஆனால் அத்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தைமாத இரவின் தென்வானமே சான்று. அங்கே சிரியஸ், அகத்தியம் எனப்படும் கனோபஸைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு ஒளியுடையதாகத் தோன்றும். உண்மையில் உருவிலும் ஒளியிலும் அகத்தியமே பன்மடங்கு பெரிது. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவிலும், அகத்தியம் சுமார் 310 ஒளியாண்டுத் தொலைவிலும் இருப்பதே காரணம்.

சாலைக்கு அண்மையிலேயே, நகரின் உயர்ந்த குன்றொன்றில், சுவாதித் திருநாள் 1837இல் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் 1843ஆம் ஆண்டின் பெரும் வால்மீனை அங்கிருந்து நோக்கினார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌனின் நாட்டமோ புவிக் காந்தத்தில் இருந்தது. அகத்தியர் மலை மீதும் அவர் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். அகத்தியர் பெயர் கொண்ட மலையில் காந்த ஊசி அசைந்த அதே ஆண்டுகளில்தான், அகத்தியர் பெயர் கொண்ட மீனுக்கும் பிற மீன்களுக்கும் புதிய அளவுகோல் ஒன்று ஆக்ஸ்போர்டில் உருவாயிற்று.

அதனை வகுத்தவர் நார்மன் ராபர்ட் பாக்சன். 1856இல் 36 சிறுகோள்களின் ஒளித்தரங்களைக் கணித்து வெளியிட்ட கட்டுரையில் அவர் அதனை முன்வைத்தார். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபடுகிறது. ஆகவே ஒவ்வொரு தரப்படியும் நூறின் ஐந்தாம் மூலம், அதாவது 2.512 மடங்கு. இவ்வெண்ணின் மடக்கை 0.4 என முடிவதால் கணக்கு எளிது என்பதும் அவர் அதனைத் தேர்ந்த காரணங்களுள் ஒன்று. இயற்கை விதித்த எண் போல இன்று பாடநூல்களில் நிற்கும் 2.512, மடக்கை அட்டவணையோடு உழைத்தவர்களின் வசதியிற் பிறந்தது.

1861இல் பாக்சன் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று வந்தார். அங்கே உதவியாளராக முன்னரே பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தென்வானில் ரெட்டிக்குலம் என்னும் சிறு கூட்டத்தின் மீன் ஒன்று ஒளி மாறுவதை 1867 சனவரியில் அவர் கண்டறிந்தார். அம்மீன் சென்னையில் உச்சமடையும்போதும் தொடுவானுக்கு மேல் 14 பாகையளவே உயரும். அவ்வளவு தாழ்வில் காற்றும் கடற்பனியும் ஒளியை விழுங்கும்; தனியே ஒரு மீனை நோக்கி 'மங்கிற்று' என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. அருகிலுள்ள, தரம் அறிந்த மீன்களோடு ஒப்பிட்டால் அவையும் அதே காற்றில் மங்கியிருக்கும். எனவே ஒப்பீடு நிலைக்கும். இதுவே உரைகல்லின் நியாயம். அம்மீனின் ஒளி சுமார் 278 நாள்களில் ஒரு சுற்று மாறுகிறது. பெருமத்தில் அதன் தரம் 6.5ஐ ஒட்டியது, சிறுமத்தில் 14ஐ ஒட்டியது. அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு.

1872இல் ரகுநாதாச்சாரி இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874 டிசம்பரில் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதினார். 1880இல் மறைந்தார். சென்னையிலேயே 1873 முதல் கணக்கராகப் பணிபுரிந்த பாக்சனின் மகள் ஐசிஸ் 1886இல் அதே கழகத்துக்கு முன்மொழியப்பட்டபோது, சாசனம் ஆண்பாற் சொல்லையே ஆள்கிறது என்னும் காரணத்தால் வாய்ப்பிழந்தார், 1920இல்தான் உறுப்பினரானார். ஒரு பிரதிப்பெயர் முப்பத்துநான்கு ஆண்டுகள் தடுத்தது என்பது மொழியியலார் மறக்கக் கூடாத செய்தி.

விகிதம் பாக்சன் பெயரால் வழங்குகிறது. மீனுக்கோ, ஒரு கூட்டத்தில் முதலிற் பெயரிடப்படும் மாறொளி மீனுக்கு 'ஆர்' என்னும் எழுத்தை இடும் மரபின்படி 'ஆர் ரெட்டிக்குலி' என்பதே பெயர்; கண்டவர் பெயருக்கு அதில் இடமில்லை. தைமாத முன்னிரவில் திருவனந்தபுரத்தின் தென்வானில் அது 18 பாகை உயரம் வரை எழுகிறது. சாலையின் விளக்கொளியில் அகத்தியம் தெரியும். அதற்கும் கீழே, வலப்புறத்தில் உள்ள இம்மீனைக் காணத் தொலைநோக்கி வேண்டும்.