இராமேசுவரத்துக் காரைவீடு

விக்டோரியா அரசியார் ஆட்சிபுரிந்த 1837 முதல் 1901 வரையுள்ள காலத்து மனைகளை அவர் பெயராலேயே வழங்குதல் மேலைநாட்டார் மரபு. அப்பெயர் சேதுக்கரைக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஒரு வீட்டைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவிலுள்ள, குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் (1931–2015) அவர்களின் மூதாதையர் இல்லமே அது.

1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழில் 'அக்கினிச் சிறகுகள்' எனப் பெயர்பெற்ற தம் வரலாற்று நூலில், இவ்வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்ததென்றும், சுண்ணாம்புக்கல்லாலும் செங்கல்லாலும் ஆனதென்றும் அவர் குறிக்கின்றார். குறிப்புச் சிறிது, ஆயினும் காலமும் கட்டுப்பொருளும் ஒருங்கே கிடைத்தல் இக்கரை வீடுகளுக்கு அரிது.

அந்நாளில் தீவுக்கு இருப்புப்பாதை இல்லை. பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது 1914-இல்தான். எப்பொருளும் தோணியேறியே வருதல் வேண்டும். எனவே கட்டுவோர் கைக்கு எளிதில் எட்டுவதையே நாடினர் எனக் கருதலாம். தீவின் வடகரையில் உயர்ந்தெழுந்த பழம் பவளப்பாறை உண்டு. இங்குச் சுண்ணாம்புக்கல் எனப்படுவது பெரும்பாலும் கடல் ஈன்ற அக்கல்லே. கல்லையும் சிப்பியையும் சூளையிலிட்டுச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணல் கூட்டி அரைத்தால் காரையாம். இதனால் எழுந்த மனையைக் 'காரைவீடு' என மக்கள் வழங்கினர். அரசரையோ ஆண்டையோ சுட்டாது பொருளைச் சுட்டும் இப்பெயர், 'விக்டோரியா கால வீடு' என்பதினும் நமக்கு மிகுதியாக உணர்த்துகின்றது. உப்புக்காற்று வீசும் கரையில் காரைச்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். பூச்சில் உப்புப் பூத்தால் சுரண்டி மீண்டும் வெள்ளையடிப்பர். சிமிந்திப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

இல்லத்தாரின் வாழ்வும் கடலோடு இயைந்தது. கலாமின் தந்தையார் சைனுலாபுதீன் தோணி கட்டித் தனுஷ்கோடிக்கு மக்களை ஏற்றிச் சென்றார். சீதா கல்யாண விழாவில் இறைவன் திருவுருவை இராம தீர்த்தத்து நடுவிடத்திற்குக் கொண்டுசெல்லும் படகுகளை அமைத்துத் தந்ததும் இக்குடும்பமே.

இன்று அவ்வில்லம் மேல்தளங்களோடு புதுக்கப்பெற்றுள்ளது; ஒரு பகுதி அவர் வாழ்வை விளக்கும் காட்சிக்கூடமாம். இதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. வீடு வாழ்வார்க்கு உரியது. ஆயினும் பவளம் எடுத்தல் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பெற்றுள்ளது. அது தக்கதே. அதன் பயனாக, இடிந்த பவளக்கற் சுவரை மீண்டும் அவ்வாறே எழுப்புதல் இனி இயலாது. கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் எஞ்சிய சுவர்களையும் அளந்து வரைதல் நம் துறையினரின் கடனாகின்றது.

சுவரின் இயல்பைக் கண்ணாற் காண விழைவார், 1964 திசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயத்திற்குச் செல்லலாம். ஆங்குப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளக்கல்லின் நுண்ணிய கண்ணறைகள் வெறுங்கண்ணுக்கே புலனாகின்றன.