வெயில் வந்தால் வைரஸ் ஓடிவிடுமா?

"நம்ம ஊர் வெயிலுக்கு எந்தக் கிருமியும் தாங்காது!" 2020 மார்ச்சில் டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை அடிபட்ட பேச்சு இது. ஏப்ரலில் வெப்பம் கூடியதும் கொரோனா போய்விடும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் அந்த ஆண்டு பிப்ரவரியில் பேசியிருந்தார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வரலாறு இதற்கு என்ன பதில் சொல்கிறது?

குளிர்காலத்து ஃப்ளூ

இந்த நம்பிக்கை முழுப் பொய் அல்ல. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஃப்ளூ காய்ச்சல் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உச்சத்துக்குப் போய், கோடையில் அடங்கிவிடும். நியூயார்க்கில் பீட்டர் பலீசி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டியது. நோயுள்ள கினிப் பன்றிகளையும் நோயில்லாதவற்றையும் அருகருகே கூண்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். 5 டிகிரி குளிரில் ஃப்ளூ காற்றின் வழியே எளிதாகத் தொற்றியது. 30 டிகிரியில் தொற்றவில்லை. உலர்ந்த காற்றில் பரவல் அதிகமாகவும் ஈரப்பதம் மிகுந்த காற்றில் குறைவாகவும் இருந்தது.

அப்படியானால் வெயில் நல்லதுதானே? அவசரப்பட வேண்டாம். சென்னையிலும் ஃப்ளூ வருகிறது. அங்கே அது கூடுவது பெரும்பாலும் மழைக்காலத்தில்!

கோடையில் வந்த நோய்கள்

எல்லா வைரஸும் ஃப்ளூ மாதிரி இல்லை. பெரியம்மையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அம்மையை வெக்கை நோய் என்றே சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகுவதும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் அதை ஒட்டி வளர்ந்த வழக்கங்கள். இந்தியாவில் பெரியம்மை ஆண்டின் தொடக்கத்தில் ஏறி, கோடையில் உச்சம் தொட்டு, மழை வந்த பின் இறங்கும். லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவின் பெரியம்மைக் கணக்குகளையும் வானிலைக் கணக்குகளையும் ஒப்பிட்டு 1926-இல் இதை விரிவாக எழுதினார். காற்றில் ஈரம் கூடினால் அம்மை குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. மாரி என்றால் மழை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இளம்பிள்ளை வாதம் இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் போலியோ ஒரு கோடைக்கால நோய். 1916-இல் நியூயார்க் நகரத்தை உலுக்கிய போலியோ பரவியது கோடையில்தான். 1952-இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். கோடை விடுமுறை வந்தால் பெற்றோருக்குப் பயம். நீச்சல் குளங்கள் மூடப்பட்டன, பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பவே தயங்கினார்கள். அந்தப் பயத்தை விரட்டியது 1955-இல் வந்த ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி.

புதிய வைரஸுக்குப் பருவம் கிடையாது

1918-இன் பெரும் ஃப்ளூ இதைவிடக் கசப்பான பாடம். இந்தியாவில் அது முதலில் தலைகாட்டியது ஜூன் மாதம், பம்பாய்த் துறைமுகத்தில். குளிர்காலமே இல்லை! முதல் அலை லேசாக வந்து போனது. செப்டம்பரில் திரும்பி வந்த இரண்டாவது அலைதான் கொடூரமானது. ரயில் போன இடமெல்லாம் நோயும் போனது. அக்டோபரில் சென்னை மாகாணமும் தப்பவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

காரணம் எளிது. பழகிய வைரஸ் என்றால் ஊரில் பாதிப் பேருக்காவது ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அப்போது வெப்பமும் ஈரமும் போடும் சின்ன பிரேக் கூட வேலை செய்யும். யார் உடம்பும் அறியாத புதிய வைரஸ் வரும்போது அந்த பிரேக் போதாது.

2003-இல் சார்ஸ் நோய் ஜூலையில் அடங்கியது. கோடை வந்ததால்தான் அடங்கியது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் சிங்கப்பூரைப் பாருங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்கப் புழுக்கம். அங்கே 238 பேருக்கு சார்ஸ் வந்தது, 33 பேர் இறந்தார்கள். வெயில் காப்பாற்றவில்லை. நோயாளிகளை டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து வீட்டில் தனிமைப்படுத்தினார்கள். மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைத் தொற்றுப் பகுதிப் பட்டியலிலிருந்து நீக்கியது.

குறையும் காலத்தில் என்ன செய்வது?

அப்படியென்றால் பருவத்தால் பயனே இல்லையா? உண்டு. அதைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் பெரியம்மையை ஒழித்தவர்கள். மழைக்குப் பின் அம்மை குறைந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஓய்வெடுக்கவில்லை. 1973 இலையுதிர் காலத்தில் இந்தியாவில் வீடு வீடாகத் தேடும் பெரிய வேட்டை தொடங்கியது. நோயாளிகள் குறைவு என்பதால் மிச்சமிருக்கும் சங்கிலிகளைத் தேடி அறுப்பது சுலபம். நோயாளியைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை 2021. அந்தப் பிப்ரவரியில் இந்தியாவில் கொரோனா நன்றாக இறங்கியிருந்தது. கொரோனா முடிந்தது என்று நினைத்து முகக்கவசங்கள் கழன்றன, தேர்தல் கூட்டங்களும் திருவிழாக்களும் நடந்தன. மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாயின. மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும் 36 ஆயிரத்தைத் தாண்டியது. மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. அந்தக் கத்திரி வெயிலில்தான் மருத்துவமனை வாசல்களில் ஆக்ஸிஜனுக்காக மக்கள் காத்துக்கிடந்தார்கள்.

வெயில் சில வைரஸ்களை மெதுவாக்கும், சிலவற்றுக்கு உதவியும் செய்யும். எந்த வைரஸையும் அது ஒழித்ததில்லை. நோய் இறங்கும்போது கிடைக்கும் சில மாதங்கள் ஓர் அவகாசம் மட்டுமே. 1973-இல் அந்த அவகாசத்தில் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். 2021-இல் அதை விடுமுறை என்று எடுத்துக்கொண்டார்கள்.