லண்டன் பெருமணியின் விரிசல்

நெசவாளனின் குறையை மடிப்பு சிறிது காலம் மறைத்து வைக்கலாம். மணி வார்ப்பவனின் குறையோ முதல் அடியிலேயே ஊரறிய ஒலித்துவிடும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தில் வெள்ளீயம் மிகுந்தால் நாதம் சிறக்கும், ஆனால் உலோகம் எளிதில் நொறுங்கும். செம்பு மிகுந்தால் உறுதி கூடும், ஆனால் நாதம் மந்தமாகும். 1752இல் லண்டன் ஒயிட்சேப்பல் வார்ப்புச்சாலையிலிருந்து பிலடெல்பியா நகரத்துக்குச் சென்ற மணி சோதனை அடியிலேயே பிளந்தது. அவ்வூர் வார்ப்பாளர்களான பாஸ், ஸ்டோ இருவரும் அதை உருக்கி, இனி உடையலாகாது என்று செம்பைக் கூட்டி வார்த்தபோது, அதன் ஓசையைக் கேட்ட ஊரார் பரிகசித்தனர். அவ்விருவரும் மனம் தளராது 1753இல் மறுபடியும் உருக்கி வார்த்தார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்து, அதே தொழிலுக்கு அதனினும் பெரிய சோதனை வெஸ்ட்மின்ஸ்டரில் காத்திருந்தது. 1834இல் தீக்கிரையான பாராளுமன்ற மாளிகையைப் புதிதாக எழுப்பியபோது, அதன் கோபுரத்துக்குரிய பெருமணியின் அளவையும் உலோகக் கலவையையும் நிர்ணயித்தவர் எட்மண்ட் பெக்கட் டெனிசன் என்ற வழக்கறிஞர். கடிகார சாஸ்திரத்தில் வல்லவர், பிறர் அபிப்பிராயத்துக்கு எளிதில் இணங்காதவர். 1856 ஆகஸ்டில் வார்னர் நிறுவனத்தார் நார்ட்டன் என்னும் ஊரில் வார்த்துத் தந்த பதினாறு டன் மணி, மாளிகை முற்றத்தில் தொங்கவிடப்பட்டுப் பொதுமக்கள் முன்னிலையில் அடித்துச் சோதிக்கப்பட்டது. 355 கிலோகிராமாக இருந்த சம்மட்டியின் எடை 660 கிலோகிராமாக உயர்த்தப்பட, 1857 அக்டோபரில் மணி விரிசல் கண்டது. வார்ப்பே குற்றமென்றார் டெனிசன். சம்மட்டியே குற்றமென்றனர் வார்னர் நிறுவனத்தார்.

பிளந்த மணியைக் கனத்த இரும்புக் குண்டால் உடைத்து, அவ்வுலோகத்தைக் கொண்டே ஒயிட்சேப்பலின் ஜார்ஜ் மியர்ஸ் 1858 ஏப்ரலில் புதுமணி வார்த்தார். முன்னதாகவே சூடேற்றி வைத்த அச்சை உருகிய உலோகம் நிரப்புவதற்கு இருபது நிமிஷம் பிடித்தது; அது உறைந்து ஆறுவதற்கோ இருபது நாட்கள் வேண்டியிருந்தன. பதினாறு குதிரைகள் இழுத்து வந்த அந்த மணியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்ற முப்பது மணி நேரம் ஆயிற்று. 1859 ஜூலையில் முதன்முதலாக நேரம் அறிவித்த அது செப்டம்பரிலேயே விரிசல் கண்டது. மியர்ஸ் வகுத்த உச்ச வரம்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட கனமுள்ள சம்மட்டி அதன்மீது விழுந்து வந்திருந்தது. டெனிசன் பழியை வார்ப்பாளர்மீது சுமத்த, விவகாரம் அவதூறு வழக்காக நீதிமன்றம் ஏறியது. பெருமணியோ நான்கு ஆண்டுகள் மௌனம் சாதித்தது. மணிக்கணக்கைச் சொல்லும் கடமை அருகிலிருந்த சிறுமணியைச் சேர்ந்தது.

அரசாங்க வானியலறிஞராயிருந்த ஜார்ஜ் ஏரி கூறிய பரிகாரம் மூன்று சிறு செயல்களாக இருந்தது. அடி வேறிடத்தில் விழுமாறு மணியைச் சற்றே திருப்புவது. சம்மட்டியை 200 கிலோகிராம் அளவுக்குக் குறைப்பது. விரிசல் மேலும் ஓடாதபடி உலோகத்தில் சதுரமாகச் சிறு வெட்டு வெட்டுவது. மறுபடி உருக்கவும் வேண்டியிருக்கவில்லை, எவரையும் குற்றவாளியாக்கவும் வேண்டியிருக்கவில்லை. வழக்கும் பத்திரிகைச் சண்டையும் தீர்க்காததை, உலோகம் எவ்வளவு தாங்கும் என்ற ஒரே கேள்வி தீர்த்து வைத்தது. பிக் பென் என்று உலகம் அறிந்த அம்மணி அந்த விரிசலுடனேயே இன்றும் ஒலிக்கிறது.

வேலை கொடுப்பவரின் விருப்பத்துக்கு இணங்குவது தொழில் தர்மந்தான். ஆனால் பொருளின் இயல்பு எவருடைய அதிகாரத்துக்கும் பணிவதில்லை. மியர்ஸ் ஒரு வரம்பைச் சொன்னார். அவ்வரம்பைக் காக்கும் பொறுப்போ பட்டறை வாசலைத் தாண்டியதும் யாரிடமும் இல்லாது போயிற்று. தன் கைப்பொருள் எவ்விதம் பயன்படுத்தப்படுகிறது என்பதை ஒப்படைத்த பின்னரும் கவனித்து, வரம்பு மீறப்படும்போது வேலை கொடுத்தவர் முகம் சுளித்தாலும் தடுத்துச் சொல்லும் துணிவு தொழிலாளனுக்கு வேண்டும். அச்சொல்லைத் தன் கௌரவத்துக்கு இழுக்கென்று கருதாது ஏற்கும் பக்குவம் வேலை கொடுத்தவருக்கு வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், மிகச் சிறந்த வார்ப்பும் பிளந்தே தீரும்.