எட்டு வருஷப் பாடப்புத்தகம்

மனிதன் எப்படி முடிவெடுக்கிறான், எங்கே சறுக்குகிறான் என்பதைப் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லித்தர ஒரு பாடப்புத்தகம் எழுதினால் என்ன? 1970-களில் இஸ்ரேல் கல்வி அமைச்சகத்தைச் சம்மதிக்க வைத்து இந்த வேலையில் இறங்கினார் டேனியல் கானெமன். பிற்பாடு, 2002-ல், உளவியல்காரராக இருந்துகொண்டே பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வாங்கியவர்.

ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை. 21 வயதிலேயே, 1955-ல், இஸ்ரேல் ராணுவத்தில் புது ஆட்களை எடைபோடும் முறையை மாற்றியமைத்தவர். அதுவரை பேட்டி எடுப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்து, 'இவன் தேறுவான்' என்று மனசுக்குத் தோன்றியதை எழுதிவிடுவார்கள். அது பெரும்பாலும் பலிக்கவில்லை. கானெமன், 'தோன்றுவதெல்லாம் வேண்டாம். பொறுப்பு, நேரம் தவறாமை என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேள்வி, தனித்தனியாக மார்க்' என்றார். 'எங்களை ரோபோ ஆக்கப் பார்க்கிறீர்களா?' என்று பேட்டி எடுக்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். சரி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்குத் தோன்றுகிற மார்க்கையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தார். சில மாதம் கழித்துப் பார்த்தால், புதிய முறை பழையதைவிட நன்றாகவே கணித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் சளைக்கவில்லை! முதலில் விவரங்களை ஒழுங்காகச் சேகரித்த பிறகு வருகிற உள்ளுணர்வு வேறு ரகம் போலிருக்கிறது.

இப்போது பாடப்புத்தகத்துக்கு வருவோம். ஆசிரியர்கள், மாணவர்கள், கல்வித்துறைப் பேராசிரியர் சீமோர் ஃபாக்ஸ் என்று ஒரு குழு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூடினார்கள். ஒரு வருஷம் ஓடிற்று. சில அத்தியாயங்களும் தயார். ஒருநாள் கானெமன், புத்தகம் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லோரையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொன்னார். ஒன்றரை வருஷத்திலிருந்து இரண்டரை வருஷம் வரை என்று வந்தது. ஃபாக்ஸும் அதே கணக்குதான்.

சட்டென்று கானெமன் அவர் பக்கம் திரும்பி, இதே மாதிரி பாடத்திட்டம் எழுதிய வேறு குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார். ஃபாக்ஸ் யோசித்தார். முகம் சிவந்துவிட்டது. கிட்டத்தட்ட 40 சதவிகிதக் குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவர்களுக்கோ ஏழிலிருந்து பத்து வருஷம். சரி, நாம் அவர்களைவிடக் கெட்டிக்காரர்களா? இல்லை, சராசரிக்குக் கொஞ்சம் கீழேதான் என்றார் ஃபாக்ஸ்!

விவரம் அத்தனையும் அவர் மண்டைக்குள்ளேயே இருந்தது. சீட்டில் எழுதும்போது மட்டும் அது எட்டிப்பார்க்கவில்லை.

அன்றைக்கே மூட்டை கட்டியிருக்க வேண்டும் இல்லையா? கட்டவில்லை. சில நிமிஷம் விவாதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள். அதுவும் எதைப் பற்றிய புத்தகம்! எட்டு வருஷம் கழித்து அது முடிந்தபோது கானெமன் இஸ்ரேலிலேயே இல்லை. அமைச்சகத்துக்கும் ஆர்வம் வடிந்துபோயிருந்தது. புத்தகம் எந்த வகுப்பறைக்கும் போகவில்லை.

ஆனால், அன்று கேட்ட கேள்வி வீண்போகவில்லை. பெரிய திட்டங்களுக்குச் செலவுக் கணக்குப் போடும்போது, முன்பு கட்டிய அதே மாதிரித் திட்டங்கள் எவ்வளவு விழுங்கின என்று பார்த்து அதற்கேற்பத் தொகையைக் கூட்டிக்கொள்ளும் முறையை டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர் வகுத்துக் கொடுக்க, 2004-ல் பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை அதை ஏற்றுக்கொண்டது. முதலில் சோதித்துப் பார்த்ததும் அதே வருஷம்தான், எடின்பரோ டிராம் திட்டத்தின் ஒரு தடத்தில்.

அந்த டிராம் என்னவாயிற்று என்கிறீர்களா? ஆரம்பத்தில் ஸ்காட்லாந்து அரசு தருவதாகச் சொன்னது 37.5 கோடி பவுண்ட். ஒப்பந்தக்காரர்களோடு தகராறு, பாதி வழியில் வேலை நிறுத்தம், தடத்தையே குறுக்கியது என்று எல்லாம் முடிந்து 2014-ல் டிராம் ஓடியபோது பில் 77.6 கோடி. ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரிக்கப் போட்ட கமிஷன் 2014-ல் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை வந்தது 2023-ல்.