நமக்கு நாமே திட்டம்

ஊர்மக்கள் ஒரு பங்கு பணம் தர, மீதியை அரசு இட்டு நிரப்பிப் பொதுப்பணிகளை முடிக்கும் தமிழ்நாட்டுத் திட்டம். 1997–98இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியபின் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது. 2021இல் பழைய பெயர் திரும்பியது.

அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், பூங்கா, குளம் தூர்வாருதல் போன்றவை இதில் அடங்கும். மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரவேண்டும் என்பது அடிப்படை விதி. தனிமனிதரோ சங்கமோ நிறுவனமோ தரலாம். ஊரகப் பகுதிகளில் மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் அளிக்கிறார்.

பாதியோ அதற்கு மேலோ தருபவர்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் விதிகள் இடமளித்துள்ளன. திட்டத்தின் உயிர்நாடி இதுதான். தன் காசும் கலந்த கட்டடத்தில் சிமென்ட் குறைந்தால் ஊரார் சும்மா இருக்கமாட்டார்கள். ஒப்பந்ததாரரை மட்டும் நம்பிய பணிகளில் இந்தக் கண்காணிப்பு அரிது.

குறையும் உண்டு. வெளியூரில் சம்பாதிப்போரும் வசதியுள்ள முன்னாள் மாணவர்களும் இருக்கும் ஊர் எளிதாகப் பங்குத்தொகை திரட்டிவிடும். கூலி வேலையை நம்பி வாழும் ஊருக்கோ, தேவை அதிகமிருந்தும், அந்தத் தொகையே பெருஞ்சுமை.